வீட்டுக்காரரின் ரேடியோவும் புளூமின் புத்தகமும்

அமெரிக்க வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் வானொலி நிகழ்ச்சி ஒரு பேஸ் கிட்டார் இசையோடு தொடங்குவது வழக்கமாக இருந்தது. பிரிட்டெண்டர்ஸ் என்ற ராக் குழுவின் பாட்டு அது. எழுதிப் பாடியவர் கிரிஸ்ஸி ஹைண்ட். ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் பிறந்தவர், சைவம் சாப்பிடுபவர், விலங்குரிமைக்குக் கொடி பிடிப்பவர். லிம்பா தினமும் கரித்துக்கொட்டிய ஆட்களையெல்லாம் சேர்த்து ஓர் உருவம் வரைந்தால் அவரைப் போலத்தான் இருக்கும். பல வருஷம் கேட்காமலே ஓட்டினார்கள். பிறகு விவகாரமாகி, உரிமைத்தொகை தர ஒப்புக்கொண்டபோது, அந்தக் காசை பீட்டாவுக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார் ஹைண்ட். ஜல்லிக்கட்டு சமயத்தில் நம் ஊரே திட்டித் தீர்த்த அதே பீட்டா. இடதுசாரிகளை வைவதற்கு மைக் முன்னால் உட்காரும்போதே ஒரு இடதுசாரிக்குப் படியளந்துகொண்டிருந்தார் மனிதர். எனக்கு இது பிந்தித்தான் தெரிந்தது. அந்த இசையை நான் கேட்டுப் பழகியது அர்பானாவில், ஒரு கார் கொட்டகையில்.

இல்லினாய் மாநிலத்தின் நடுவே சாம்பெயின், அர்பானா என்று இரண்டு ஊர்கள் ஒட்டிக் கிடக்கும், இடையில் பல்கலைக்கழகம். ஊர் எல்லையைத் தாண்டினால் அடிவானம் வரை மக்காச்சோளம், இல்லாவிட்டால் சோயா. வேளாண் பொருளாதாரம் படிக்கப் போயிருந்தேன். மாடி அறையை எனக்கு வாடகைக்கு விட்டவர் தானியக் கிடங்கில் எடைமேடை பார்த்து ஓய்வுபெற்றவர். பழைய டிரக் ஒன்றைக் கழற்றிப் பூட்டுவதில் அவருடைய பகல் போகும். பணிமேசை மேல் கிரீஸ் படிந்த ரேடியோ. குமிழ் எப்போதோ உடைந்துவிட்டதால், மிச்சமிருந்த கம்பியைக் குறட்டால் பிடித்துத் திருப்புவார். காலை பதினொன்றுக்கு லிம்பா. இரண்டு மணிக்கு அது முடிந்ததும் குறட்டை எடுத்து, பல்கலைக்கழகமே நடத்தும் வில் என்ற பொது வானொலிக்கு மாற்றுவார். சிகாகோ சந்தையில் அன்றைக்கு மக்காச்சோளமும் சோயாவும் என்ன விலைக்கு முடிந்தன என்று அதில் சொல்வார்கள்.

மூன்று மணி நேரம் பேராசிரியர்களையும் அரசுக் காசில் நடக்கும் சகலத்தையும் வையக் கேட்டுவிட்டு, அதே பேராசிரியர்களின் வானொலியில் விலை கேட்கிறாரே என்று ஒருநாள் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. “விலை சொல்கிறவன் தப்பாகச் சொன்னால் சாயங்காலமே பிடித்துவிடலாம். வகுப்புகளில் சொல்வது தப்பா சரியா என்று நான் எங்கே போய்ப் பார்ப்பது?” என்றார்.

அமெரிக்க வலதுசாரிகள் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் பத்திரிகைகளைப் பற்றியும் எழுதியதில் கணிசமானதை அதற்குப் பிறகு படித்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. சொல்பவன் தப்பாகச் சொன்னால் அவனுக்கு ஏதாவது நஷ்டம் உண்டா என்பதுதான் அவர் கேள்வி. தாமஸ் சொவல் என்ற கறுப்பினப் பொருளாதார அறிஞர் இதையே ஒரு முழுப் புத்தகமாக எழுதினார். இளமையில் மார்க்சியராக இருந்தவர் அவர்.

லிம்பாவை எனக்குப் பிடிக்காது என்று சொல்லிவிடுகிறேன். கேட்காமலும் இருக்க முடியாது. ஜன்னலுக்குக் கீழேதான் கொட்டகை. மிசௌரியில் மிசிசிப்பிக் கரையோர ஊரொன்றில் பிறந்து, கல்லூரியைப் பாதியில் விட்டு, பாட்டு போடும் வேலைகளில் இருந்து துரத்தப்பட்டு, சாக்ரமென்டோவில் பேர் வாங்கி, 1988-இல் நியூயார்க்கிலிருந்து நாடு முழுக்கப் பேச ஆரம்பித்தவர். நையாண்டி நன்றாக வரும். ஆனால் ஒரு கேலி ஓய்வதற்குள் அடுத்தது வந்துவிடும், யோசிக்க இடமே தரமாட்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சில ஓட்டல்களில் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே சாப்பிடத் தனி அறை ஒதுக்கினார்கள். 1994-இல் குடியரசுக் கட்சி கீழவையைப் பிடித்தபோது, புதிதாக வந்த உறுப்பினர்கள் அவரைத் தங்கள் அணியின் கௌரவ உறுப்பினர் ஆக்கிக்கொண்டார்கள்.

அவருக்குக் கதவைத் திறந்துவிட்டது 1987 ஆகஸ்டில் நடந்த ஒரு காரியம். சர்ச்சைக்குரிய விஷயத்தில் இரு தரப்பையும் ஒலிபரப்ப வேண்டும் என்று நிலையங்களைக் கட்டாயப்படுத்திய பழைய நியாய விதியை மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் கைவிட்டது. அதைச் சட்டமாக்க நாடாளுமன்றம் முயன்றதை ரீகன் அந்த ஜூனிலேயே ரத்து அதிகாரத்தால் தடுத்திருந்தார். இதில் பலரும் மறந்துபோன சங்கதி ஒன்று உண்டு. அந்த விதி இருக்கட்டும் என்று வாதாடியவர்களில் ஃபில்லிஸ் ஷ்லாஃப்லியும், 1969-இலிருந்து ஊடகப் பக்கச்சார்பைத் துருவிக்கொண்டிருந்த ரீட் இர்வைனும் இருந்தார்கள். இரண்டு பேரும் அசல் வலதுசாரிகள். பெரிய தொலைக்காட்சிகளில் தங்கள் தரப்புக்கு இரண்டு நிமிஷமாவது கிடைப்பது அந்த விதியால்தான் என்பது அவர்கள் கணக்கு. அதே மேடையில் இடம் வேண்டும் என்று கேட்ட தலைமுறை அது. அடுத்த தலைமுறை தனி மேடை போட்டுக்கொண்டது. 1996 அக்டோபரில் ரூபர்ட் மர்டாக்கும் ரோஜர் எய்ல்ஸும் ஃபாக்ஸ் நியூஸைத் தொடங்கியபோது, மேடை என்ன, தனி மைதானமே ஆகிவிட்டது.

வீட்டுக்காரர் அடிக்கடி ஸ்பைரோ அக்னியூவை நினைத்துக்கொள்வார். நிக்சனின் துணை அதிபர். 1969 நவம்பர் 13 அன்று அயோவாவின் டெ மாயின் நகரில், தொலைக்காட்சிச் செய்திப் பிரிவுகளை நடத்தும் கைப்பிடியளவு ஆட்கள், யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காதவர்கள், நாட்டுக்கு எதைக் காட்டுவது என்று முடிவு செய்கிறார்களே என்று கேட்டார். எழுதிக் கொடுத்தவர் பாட் புக்கானன். மூன்று தொலைக்காட்சிகளும் அந்தப் பேச்சை நேரலையாகவே காட்டின. இன்றைக்கு அப்படி ஒரு காரியம் நடக்குமா தெரியவில்லை. நான்கே வருஷத்தில் அக்னியூ வரி ஏய்ப்பு வழக்கில் பதவி இழந்தார். “திருடன்தான். ஆனாலும் அன்றைக்குச் சொன்னது சரி” என்பார் வீட்டுக்காரர்.

அவரை ஒருதரம் வளாகத்துக்குக் கூட்டிப்போனேன். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் விளையாட்டு அரங்கத்தைத் தவிர எங்கேயும் நுழைந்ததில்லை என்றார். வளாகத்தின் நடுவில் மாரோ வயல் என்று ஒரு துண்டு நிலம் இருக்கிறது. 1876-இலிருந்து விடாமல் ஆராய்ச்சிக்கென்று மக்காச்சோளம் போடும் இடம். அதன் பக்கத்தில் 1960-களின் கடைசியில் இளங்கலை மாணவர்களுக்கு நூலகம் கட்டியபோது, பயிருக்கு நிழல் விழக்கூடாது என்று இரண்டு தளங்களையும் பூமிக்கு அடியில் இறக்கிவிட்டார்கள். மேலே புல்தரை, கீழே புத்தகம். வீட்டுக்காரர் வரப்போரம் நின்று தாளைத் தடவிப் பார்த்தார். ஒரு தாளின் நுனியில் மஞ்சள் ஏறியிருந்தது. “நைட்ரஜன் போதவில்லை” என்றார். உரமே போடாமல் நூறு வருஷத்துக்கு மேலாக வைத்திருக்கும் பாத்தி அது; ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படி விட்டிருக்கிறார்கள் என்று பலகையில் எழுதியிருந்ததைக் காட்டினேன். அவர் முகத்தில் அப்போது வந்த மரியாதையை அதற்கு முன் பார்த்ததில்லை. கீழே நூலகத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டார்.

அந்த நிலவறையில்தான் ஆலன் புளூமின் புத்தகத்தைப் படித்தேன். அமெரிக்க மனம் மூடிக்கொண்டுவிட்டது என்று சொல்லும் புத்தகம், 1987-இல் வந்தது. பிளேட்டோவையும் ரூசோவையும் மொழிபெயர்த்த ஒரு பேராசிரியர் எழுதியது. ஒருவேளை ஐயாயிரம் விற்றிருக்க வேண்டியது. லட்சக்கணக்கில் விற்று, மாதக்கணக்கில் பட்டியலின் தலையில் நின்றது. வாங்கியவர்களில் எத்தனை பேர் நடுவிலிருக்கும் ஹைடெகர் பக்கங்களைத் தாண்டினார்கள் என்பதை விட்டுவிடலாம். நானே சிகாகோவின் ஹைட் பார்க்கில் ஒரு பழைய புத்தகக் கடையில்தான் வாங்கினேன். முந்தைய சொந்தக்காரர் ராக் இசை அத்தியாயம் வரை பச்சை மையால் அடிக்கோடு போட்டு, அதோடு நிறுத்தியிருந்தார்.

ராக் இசை அத்தியாயம் அசட்டுத்தனமானது. மிக் ஜாகரைப் பற்றி எழுதும்போது புளூமின் குரல், பக்கத்து வீட்டுப் பையன் தலைமுடியைப் பார்த்துப் புலம்பும் மாமாவின் குரல்தான். ஆனால் முதல் சில பக்கங்கள் வேறு. இன்றைய மாணவன் எல்லா உண்மையும் அவரவர்க்கு என்று நம்பிக்கொண்டு வருகிறான், அதனால் எதையும் தேட வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை என்கிறார். திறந்த மனம் என்று அவன் பெருமைப்படுவதே மனத்தைச் சாத்திவிடுகிறது என்பது வாதம். நான் உதவி ஆசிரியனாக விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நாள்கள் அவை. புளூம் சொன்ன மாணவன் வாரம் தவறாமல் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். எதைக் கேட்டாலும், அது உங்கள் பார்வை, இது என் பார்வை என்பான். தேவைக் கோடு கீழ்நோக்கிச் சாய்வதைக்கூட.

தன்னை வலதுசாரி என்று சொல்லிக்கொள்ள புளூம் மறுத்தார். புத்தகத்துக்கு முன்னுரை எழுதியது நாவலாசிரியர் சால் பெல்லோ. இருவரும் சிகாகோவில் சேர்ந்து பாடம் நடத்தியவர்கள். பத்திரிகைகள் புளூமை வலதுசாரி வரிசையில் நிறுத்தின, விற்பனைக்கு அது தோதாகவும் இருந்தது. அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது உண்மையில் கார்னெல் பல்கலைக்கழகம். 1969 ஏப்ரல், பெற்றோர்கள் வந்து தங்கும் வாரக்கடைசி. கறுப்பின மாணவிகள் தங்கியிருந்த விடுதி வாசலில் யாரோ சிலுவை எரித்தார்கள். மறுநாள் விடியலில் கறுப்பின மாணவர்கள் வில்லர்டு ஸ்ட்ரெயிட் மண்டபத்தைக் கைப்பற்றி, மேலே தங்கியிருந்த பெற்றோர்களை வெளியேற்றினார்கள். வெள்ளை மாணவர்கள் சிலர் புகுந்து அடிக்கப் பார்த்தபின் உள்ளே துப்பாக்கிகள் போயின. அடுத்த நாள், நிர்வாகத்தோடு உடன்பாடு செய்துகொண்டு, தோட்டாப் பட்டையை மார்பில் மாட்டியபடி அவர்கள் வெளியே வந்த படம் புலிட்சர் பரிசு வாங்கியது.

புளூம் அப்போது அங்கே ஆசிரியர். துப்பாக்கியைவிட அவரைச் சுட்டது அதற்குப் பிறகு வந்த சில நாள்கள். முன்பு மாணவர்கள்மேல் எடுத்த ஒழுங்கு நடவடிக்கையை ரத்து செய்ய முடியாது என்று முதலில் வாக்களித்த பேராசிரியர்கள், இரண்டே நாளில் மாற்றி வாக்களித்தார்கள். காரணங்களைக் கேட்டு மனம் மாறியிருந்தால் அவர் மன்னித்திருப்பார்; பயந்து மாறிவிட்டு அதற்குக் காரணம் தேடினார்கள் என்பது அவர் ஆத்திரம். அந்த ஆத்திரத்தில் நாஜிகளின் நியூரம்பர்கையும் ஹிப்பிகளின் வுட்ஸ்டாக்கையும் ஒரே தராசில் வைத்துவிட்டார் பாருங்கள், அங்கே எனக்கும் அவருக்கும் ஆகாது. சிலுவை எரிந்த வாசலில் நின்று பார்க்க அவரால் முடியவில்லை என்றும் தோன்றுகிறது. ஆனால் அவர் சொன்ன அந்தப் பயம் உண்மை. பின்னாளில் வேறொரு மாநிலத்தில், பேர் வேண்டாம், ஒரு கல்லூரியில் சில காலம் பாடம் நடத்தினேன். பண்ணைக் குடும்பத்துப் பையன் ஒருவன், நல்ல புத்திசாலி, கட்டாயக் கட்டுரை வகுப்பில் எப்போதும் முதல் தரம் வாங்குவான். எப்படி என்றேன். “முதல் வாரத்திலேயே அந்த அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும். அதை எழுதிக் கொடுத்துவிடுவேன்” என்றான். அவனுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, பன்றி விலை ஏறி இறங்குவதைச் சொல்வது போலச் சொன்னான். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வளாகத்தின் இந்த ஒருபக்கச் சாய்வை ஜோனதன் ஹெய்ட் 2011 ஜனவரியில் சான் அன்டோனியோவில், சமூக உளவியலாளர்கள் கூடிய மாநாட்டில் கைதூக்கச் சொல்லிக் காட்டினார். அறையில் ஆயிரம் பேர் போல. இடதுசாரிகள், தாராளவாதிகள் என்றதும் கைகள் காடாக எழுந்தன. வலதுசாரிகள் என்றபோது மூன்று கைகள். மனிதர்கள் ஏன் அணி சேர்கிறார்கள், எப்படிக் கண்மூடித்தனமாக ஆகிறார்கள் என்று ஆராய்வதே தொழிலாகக் கொண்ட கூட்டம் அது. ஹெய்டும் அந்தக் காடு பக்கத்திலிருந்து வந்தவர்தான்.

நல்ல குறை எல்லாமே இப்படி உள்ளே இருந்தவர்களிடமிருந்துதான் வந்திருக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம். பெர்னார்டு கோல்டுபர்க் சிபிஎஸ் தொலைக்காட்சியில் பல வருஷம் நிருபர். வீடு பழுதுபார்க்கும் தொழில் செய்யும் நண்பர் ஒருவர், உங்கள் சானலில் வந்த வரிச் செய்தியைப் பாரும், இது செய்தியா கேலியா என்று கேட்க, போட்டுப் பார்த்தவர் வெட்கப்பட்டு 1996-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் எழுதினார். சக ஊழியர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். 2001-இல் அது புத்தகமாயிற்று. சதி ஒன்றும் இல்லை, எல்லாரும் ஒரே மாதிரி ஆட்களோடு விருந்து சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான் என்பது அவர் சொன்னதன் சாரம். 2024 ஏப்ரலில் யூரி பெர்லைனர் ஏறக்குறைய அதையே என்பிஆர் பொது வானொலியைப் பற்றி எழுதினார், கால் நூற்றாண்டு அங்கே வேலை செய்துவிட்டு. ஐந்து நாள் சம்பளமில்லாமல் நிறுத்திவைத்தார்கள். பிறகு அவரே விலகினார். அவர் கட்டுரையில் சில கணக்குகளைச் சக ஊழியர்கள் மறுத்தார்கள், மறுக்கட்டும். எனக்கு உறைத்தது, நிலையத்தின் மேல் அவர் வைத்திருந்த பாசம். நிலையத்துக்குக் கிடைக்கும் அரசுப் பணத்தை நிறுத்தக்கூடாது என்றும் அதே கட்டுரையில் எழுதியிருந்தார்.

2025 ஜூலையில் நாடாளுமன்றம் நிறுத்திவிட்டது. பொது வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பெர்லைனர் குறை சொன்ன வாஷிங்டன் தலைமையகத்துக்கு நேரடியாக வந்த அரசுப் பணம் சொற்பம். அடி விழுந்தது விளையாட்டும் வானிலையும் உள்ளூர்ச் செய்தியும் சொல்லிக்கொண்டிருந்த சின்னச் சின்ன நிலையங்கள் மேல். வில் பிழைத்துக்கொண்டது. வீட்டுக்காரர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. இருந்திருந்தால் இந்த வெட்டுக்குக் கைதட்டியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். தட்டிவிட்டு, இரண்டு மணிக்குக் குறட்டைத் தேடியிருப்பார்.

வலதுசாரி எழுத்தாளர் வில்லியம் பக்லியை நான் முதலில் பார்த்ததே பொதுத் தொலைக்காட்சியில். நாற்காலியில் சரிந்து, முதுகு ஏறக்குறைய இருக்கைக்கே வந்துவிடும், கையில் எழுதும் அட்டை, பென்சிலைப் பல்லில் தட்டிக்கொண்டு, நாக்கு எட்டிப் பார்க்கும். ஃபயரிங் லைன் என்ற அந்த நிகழ்ச்சி 1966-இலிருந்து 1999 வரை ஓடியது. பெரும்பகுதி அரசு ஆதரவு பெற்ற பொதுத் தொலைக்காட்சியில்தான். சாம்ஸ்கியோடு பேசினார், கின்ஸ்பர்கோடு பேசினார், பிளாக் பாந்தர் இயக்கத்து ஹியூ நியூட்டனோடு பேசினார். எதிராளியை ஒரு மணி நேரம் உட்காரவைத்து, அவர் சொல்வதை முடிக்கவிட்டு, பிறகு கடித்தார். 1965-இல் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் பால்டுவினோடு வாதிட்டு 164-க்கு 544 என்று மண்ணைக் கவ்வியதும் உண்டு. அந்த ஒளிப்பதிவை இன்றைக்குப் பார்த்தாலும் தோல்வி நியாயம்தான்.

இந்த பக்லி இருபத்தைந்து வயதில், 1951-இல், தான் படித்த யேல் பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதிய புத்தகத்திலிருந்துதான் எல்லாவற்றையும் தொடங்குவது வழக்கம். அங்கே பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவர்கள் அரசைப் பெரிதாக்கப் பார்க்கிறார்கள், மதம் சொல்லிக்கொடுப்பவர்கள் மதத்தை நம்பவில்லை. இது குற்றச்சாட்டு, பலருக்கும் தெரியும். அவர் சொன்ன மருந்தைத்தான் யாரும் ஞாபகம் வைப்பதில்லை. பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுப்பவர்கள் பழைய மாணவர்கள். என்ன மதிப்பீடுகளைப் புகட்டுவது என்று முடிவு செய்யவேண்டியதும் அவர்களே. ஒத்துவராத ஆசிரியர் வேறு இடம் பார்க்கலாம். கல்விச் சுதந்திரம் என்பதை ஒரு மூடநம்பிக்கை என்று அட்டையிலேயே போட்டிருந்தார். புளூமையும் பக்லியையும் ஒரே அலமாரியில் வைக்கிறார்கள், எனக்கு இது எப்போதும் விநோதம். வெளியாள் எவனும், மாணவனோ அரசோ நன்கொடையாளரோ, கை வைக்காத இடமாகப் பல்கலைக்கழகம் இருக்க வேண்டும் என்று அழுதவர் புளூம். பணப்பையின் வாய்க்கயிறு யார் கையிலோ அவர் சொல்வதுதான் பாடம் என்றவர் பக்லி. நான் புளூம் கட்சி. பணப்பை கைமாறும் என்பது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

கைமாறுவதை நான் படித்த பல்கலைக்கழகத்திலேயே பார்க்கலாம். 2013-இல் ஸ்டீவன் சலாய்டா என்ற பாலஸ்தீன வம்சாவளிப் பேராசிரியருக்கு அங்கே வேலை கொடுப்பதாகக் கடிதம் அனுப்பியாயிற்று. அவர் பழைய வேலையை விட்டுவிட்டார். 2014 கோடையில் காஸாப் போர் நடந்தபோது ட்விட்டரில் அவர் எழுதியவை கடுமையானவை, சில அருவருப்பானவை. நன்கொடையாளர்களிடமிருந்து துணைவேந்தருக்கு மின்னஞ்சல்கள் குவிந்தன. வேலை இல்லை என்றுவிட்டார்கள். அடுத்த வருஷம் 8,75,000 டாலருக்கு வழக்கு முடிந்தது, துணைவேந்தரும் போனார். பக்லியின் வைத்தியம் அச்சுப் பிசகாமல் நடந்தது. அதே 2014-இல்தான் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு குழு போட்டு, புண்படுத்தும் பேச்சுக்கும் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு என்று அறிக்கை தயாரிக்கத் தொடங்கினார்கள். இரண்டு ஊருக்கும் இடையே ரயிலில் மூன்று மணி நேரம்கூட ஆகாது.

2015 அக்டோபரில் யேலில் ஹாலோவீன் வேஷத்தை முன்னிட்டு நடந்த கூத்தை விரிவாகச் சொல்ல விருப்பமில்லை. பிள்ளைகள் என்ன வேஷம் போடுவது என்று நிர்வாகம் சொல்ல வேண்டுமா என்று ஓர் ஆசிரியை மின்னஞ்சல் எழுதியதற்காக, அந்த அம்மாளின் கணவரை மாணவர்கள் முற்றத்தில் சூழ்ந்து நின்று கத்தினார்கள். எல்லாரும் பார்த்த வீடியோ. அதைப் பார்த்தபோது வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் எனக்குப் பேச வாயே இருந்திருக்காது. 2023 டிசம்பர் 5 அன்று ஹார்வர்டு, பென்சில்வேனியா, எம்ஐடி தலைவர்களை நாடாளுமன்றக் குழுவில் நிறுத்தி, யூத இன அழிப்புக்கு அறைகூவினால் உங்கள் விதிப்படி குற்றமா என்று எலீஸ் ஸ்டெஃபானிக் கேட்க, சூழலைப் பொறுத்தது என்று வக்கீல் எழுதிக்கொடுத்த மாதிரி பதில் சொல்லி மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பதில் அமெரிக்கச் சட்டப்படி தப்பில்லை. வேஷத்துக்கும் சொல்லுக்கும் பத்து வருஷமாகத் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் வாயில் வந்ததால் எடுபடவில்லை. கேட்டவர்களும், நேற்றுவரை எல்லாப் பேச்சையும் பொறுக்க வேண்டும் என்று சொன்னவர்கள். ஸ்டெஃபானிக் ஹார்வர்டிலேயே படித்தவர். 2021-இல் பல்கலைக்கழகங்களே எதிரி என்று தலைப்பிட்டு உரையாற்றிய ஜே.டி. வான்ஸ் யேலில் சட்டம் படித்தவர். உள்ளே இருந்தவர்கள் சொல்லும் குறையே நல்ல குறை என்று மேலே எழுதினேன். உள்ளே படித்தவர்கள் எல்லாரும் அதில் சேர்த்தி இல்லை.

ஹார்வர்டு என்றதும் சிகாகோ பக்கத்து அரோரா பாலாஜி கோவில் கேன்டீன்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. புளியோதரைத் தட்டை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் பிள்ளைகளின் கல்லூரி பற்றிப் பேசுவதைக் கேட்க வேண்டும். ஓட்டு ஜனநாயகக் கட்சிக்கு. ஆனால் ஹார்வர்டுக்கு எதிராக ஆசிய மாணவர்கள் பேரில் நடந்த வழக்கு என்றால் குரலைத் தாழ்த்தி, ஜெயிக்கணும் என்பார்கள். ஆசியப் பிள்ளைகளுக்குப் படிப்பில் கூடுதல் மதிப்பெண், குணாதிசயம் என்ற கட்டத்தில் மட்டும் குறைவு என்று அந்த வழக்கில் வெளிவந்த விவரம் ஒவ்வொரு அப்பாவுக்கும் மனப்பாடம். 2023 ஜூன் 29 அன்று இன அடிப்படைச் சேர்க்கையை உச்ச நீதிமன்றம் நிறுத்தியபோது, திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். மகனுக்குப் பெரிய கல்லூரி ஒன்று இடம் தராத காயம் அவருக்கு.

அதே அண்ணாச்சியை 2025 இலையுதிர்காலத்தில் அங்கே பார்த்தேன். ஹார்வர்டின் ஒவ்வொரு துறையிலும் யார் என்ன கருத்துடையவர் என்று தணிக்கை செய்ய வேண்டும் என்று 2025 ஏப்ரலில் அரசு கடிதம் அனுப்பி, அவர்கள் மறுக்க, 220 கோடி டாலர் ஆய்வு மானியத்தை முடக்கி, செப்டம்பரில் நீதிபதி அது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொல்லியிருந்த சமயம். கொலம்பியா 20 கோடி டாலருக்கு மேல் கட்ட ஒப்புக்கொண்டு சமாதானமாகிவிட்டது. அண்ணாச்சியின் மகள் பாஸ்டனில் ஓர் ஆய்வகத்தில் புற்றுநோய்ச் செல்களோடு வேலை செய்கிறாள். அவள் மானியமும் ஐந்து மாதம் நின்றுபோயிருந்தது. இப்போதாவது பக்லி வைத்தியத்தில் அவருக்குச் சலிப்பு வந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

“கஷ்டந்தான் தம்பி. பிள்ள அழுதா. அதுக்காவ நிப்பாட்டச் சொல்லுவனா? வலிக்காம எவன் திருந்துதான்?” என்றார்.

புளூமைப் பற்றிச் சொன்னேன். உள்ளே இருந்தே சொன்னவர்கள் இருக்கிறார்கள், படித்தவர்கள் இருக்கிறார்கள், காசில் கை வைத்தால் நாளைக்கு வேறு ஆள் ஆட்சிக்கு வந்து வேறு பாடத்தைக் கேட்பான் என்றேன்.

“அந்தப் புஸ்தகம் எந்த வருசம்னே?”

“1987.”

“முப்பத்தெட்டு வருசம். எவன் கேட்டான்?”

சிகாகோ கேட்டது என்றேன். ஹார்வர்டுகூடத் தன் வேலைக்குச் சம்பந்தமில்லாத விவகாரங்களில் இனி அறிக்கை விடுவதில்லை என்று 2024 மே மாதம் அறிவித்துவிட்டது, எந்த அரசும் மிரட்டாமலே, என்று சேர்த்தேன். அண்ணாச்சி தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே தலையை ஆட்டினார்.

“மே மாசம். நன்கொடைக்காரன் செக்கை நிப்பாட்டினது எப்போ? அதுக்கு முந்தின டிசம்பரா, நவம்பரா? நீயே தேதியப் போட்டுப் பாரு.”